பெய்தால், பெய்திருந்தால்: நடக்காததைச் சொல்லும் வினை
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1. மூன்று வாக்கியங்கள்

மழை பெய்ததால் ஏரி நிறைந்தது. மழை பெய்தால் ஏரி நிறையும். மழை பெய்திருந்தால் ஏரி நிறைந்திருக்கும்.

மூன்றிலும் வினை ஒன்றே. பெய் என்னும் பகுதியும் ஒன்றே. முதல் வாக்கியத்தில் மழை பெய்துவிட்டது, அது நடந்த செய்தி. இரண்டாவதில் மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். மூன்றாவதில் மழை பெய்யவே இல்லை. பெய்வதற்கான காலமும் கடந்துவிட்டது. பெய்ததால் என்பதிலிருந்து ஒரு தகர எழுத்தை எடுத்தால் பெய்தால் ஆகிறது. அந்த ஓர் எழுத்தில் நடந்தது நடக்காததாக மாறிவிடுகிறது.

நடந்ததைச் சொல்ல எல்லா மொழிக்கும் வினைமுற்று உண்டு. நடக்காததை, நடக்கக்கூடியதை, நடந்திருக்கக்கூடியதைச் சொல்ல ஒவ்வொரு மொழியும் தனி வழி வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்த வழி 'ஆல்' என்னும் ஈறு. ஸ்பானிய மொழிக்கு அது ஆறு இட ஈறுகளைக் கொண்ட தனி வினைவரிசை. அம்மொழி இலக்கணம் அதை ஐயநோக்கின் (உறுதியற்றதைச் சொல்லும் வினைப்பாங்கின்) இறந்தகாலம் என்ற பொருளில் பெயரிட்டு வழங்குகிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த இவ்விரு வடிவங்களும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் இறந்தகாலத்து வினையடியை எடுத்துக்கொண்டே, நடக்காத ஒன்றைப் பேசுகின்றன. இப்பொழிவின் பொருள் இந்த ஒற்றுமையும், அது எங்கே முடிகிறது என்பதும் ஆகும்.

2. தமிழ் வடிவம் அமையும் முறை

தமிழில் இவ்வடிவத்தைக் கட்ட ஒரே விதி போதும். ஆண்பால் இறந்தகால வினைமுற்றை எடுத்து, இறுதியிலுள்ள 'ஆன்' ஈற்றை நீக்கி, அந்த இடத்தில் 'ஆல்' சேர்க்க வேண்டும். வந்தான் என்பது வந்தால் ஆகும். பேசினான் என்பது பேசினால் ஆகும். மாறுவது கடைசி ஒற்று மட்டுமே.

இறந்தகால இடைநிலைகளாக நன்னூல் கூறும் த், ட், ற், இன் ஆகிய நான்கும் இவ்வடிவத்தில் அப்படியே நிற்கின்றன. செய்தால் என்பதில் தகர ஒற்று, உண்டால் என்பதில் டகர ஒற்று, தின்றால் என்பதில் றகர ஒற்று, தோண்டினால் என்பதில் இன். எந்த வினை எந்த இடைநிலையைப் பெறும் என்பதை வினைமுற்றிலிருந்தே அறியலாம். இதற்கெனத் தனியே எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தன்வினை, பிறவினை வேறுபாடும் அப்படியே காக்கப்படுகிறது. பழுப்பு நிலக்கரி எரிந்தால் வெப்பம் வரும். அதைக் கொதிகலனில் எரித்தால் நீராவி கிடைக்கும். எரிந்தான், எரித்தான் என்னும் வேறுபாடுதான் எரிந்தால், எரித்தால் என்பதிலும் நிற்கிறது.

சுரங்கம் இருக்கும் ஊரில் இவ்வடிவம் நாள்தோறும் புழங்குகிறது. மேல்மண்ணை வெட்டினால்தான் கரி தெரியும். சரிவு அதிகமானால் மண் சரியும். மழை வலுத்தால் அடுத்த ஷிப்டில் வேலை தடைபடும். இவை எல்லாவற்றிலும் வினையடி இறந்தகாலத்தது. சொல்லப்படும் செய்தியோ எப்போதும் உண்மையாக இருப்பது அல்லது இனி வரப்போவது.

'ஆல்' ஈறு பெற்ற வடிவத்துக்கு எண், இடம், பால் காட்டும் விகுதி இல்லை. நான் வந்தால், நீ வந்தால், அவள் வந்தால், அவர்கள் வந்தால், அது வந்தால் என எல்லா எழுவாய்க்கும் வந்தால் ஒன்றே. தமிழ் வினைமுற்று எழுவாயைத் தன் விகுதியிலேயே காட்டும்; வந்தேன் என்றால் நான் என்று சொல்லத் தேவையில்லை. வந்தால் என்னும்போது அந்த வசதி இல்லை. யார் என்பதைச் சூழல் காட்ட வேண்டும், அல்லது எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது வினையெச்சம் என்பதால் முற்றுப்பெற இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கிறது.

இரண்டு வினைகள் இவ்வடிவத்தில் தனிச்சொற்களாகவே நிலைபெற்றுவிட்டன. ஆனான் என்பதிலிருந்து வரும் 'ஆனால்' இன்று பெரும்பாலும் மாறுபாட்டைக் காட்டும் இணைப்புச்சொல்லாக வழங்குகிறது. 'அப்படி ஆகும்பட்சத்தில்' என்னும் பழைய பொருளும் மறைந்துவிடவில்லை. 'என்' என்னும் வினையிலிருந்து வரும் 'என்றால்' இன்னும் பெரிய வேலையைச் செய்கிறது. வந்தால் என்னும் வடிவத்தில் காலவேறுபாடு காட்ட முடியாது. வருகிறான் என்றால், வந்தான் என்றால், வருவான் என்றால் என்று முழு வினைமுற்றுக்குப் பின் என்றால் சேர்த்து முக்காலத்தையும் நிபந்தனைக்குள் கொண்டுவரலாம்.

3. பழைய வடிவங்கள்

'ஆல்' ஈறு இன்று பரவலாக வழங்கினும், தமிழின் பழைய நிபந்தனை வடிவம் 'இன்' ஈறு பெற்றது: வரின், உண்ணின், காணின். இலக்கண நூல்கள் இதைச் 'செயின்' என்னும் வாய்பாட்டால் குறிக்கின்றன. தொல்காப்பிய வினையியல் வினையெச்ச வாய்பாடுகளை வரிசைப்படுத்தும்போது செயின் என்பதையும் அதில் வைக்கிறது. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளைக் காலத்தோடு பொருத்திக் காட்டும்போது செயின் என்பதை எதிர்காலத்துக்கு உரியதாகக் கொள்கிறது. நிபந்தனை முன்னோக்கிப் பார்ப்பது. ஆகவே அதை எதிர்காலத்தில் வைத்தது பொருத்தமே.

செயின் என்னும் வடிவத்தில் இறந்தகால இடைநிலை இல்லை. வா என்னும் வினை வரின் என்று ஆகிறது. வந்தின் என்று ஆவதில்லை. இறந்தகால அடி வேறு வடிவங்களில் நுழைகிறது. வினையியல் தனியே எடுத்துக்கூறும் பின், முன், கால், கடை, வழி, இடத்து முதலிய ஈறுகளில் 'கால்' என்பது இறந்தகாலப் பெயரெச்சத்தோடு சேர்ந்து வந்தக்கால், செய்தக்கால் என நிபந்தனைப் பொருள் தருகிறது. 'ஏல்' என்னும் ஈறு எதிர்கால வினையோடு சேர்ந்து அதே பொருளைத் தருகிறது. திருக்குறளின் இரண்டாம் அதிகாரமாகிய வான்சிறப்பு மழை பொய்த்தால் உலகில் என்னென்ன நேரும் என்பதையே பேசுவது. பொய்ப்பின், வீழின், வறக்குமேல், எனின் என நிபந்தனையின் பல வடிவங்கள் அந்தப் பத்துக் குறளுக்குள் வருகின்றன. இன்மையின் அச்சத்தைச் சொல்லத் தமிழுக்கு இத்தனை கருவிகள் தேவைப்பட்டிருக்கின்றன.

காலப்போக்கில் பேச்சிலும் உரைநடையிலும் செய்தால் என்பது முன்னுக்கு வந்தது. செயின், செய்யினும் ஆகியவை ஏட்டு நடைக்கும் சட்ட நடைக்கும் உரியவையாகச் சுருங்கின. ஆயின், எனின், எனில் ஆகிய மூன்றும் எழுத்து நடையில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்த இடமாற்றத்தின் விளைவாக, எதிர்காலத்துக்கு உரிய வடிவத்தின் வேலையை இறந்தகால அடி ஏற்றுக்கொண்டது. மலையாளத்தில் வந்நால், கன்னடத்தில் பந்தரெ என இறந்தகால அடியோடு ஈறு சேர்ந்து நிபந்தனை அமைவதைப் பார்க்கும்போது, இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல என்பது தெரிகிறது.

4. ஐரோப்பிய அச்சில் தமிழ் வினை

தமிழின் இவ்வடிவத்தை ஐபீரிய மொழிகளின் ஐயநோக்கு வினையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சி பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. போர்ச்சுகலில் 1520இல் பிறந்த இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கசு முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் கற்றார். கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தந்தவரும் அவரே. 1549ஆம் ஆண்டை ஒட்டி அவர் போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் கையெழுத்துப்படியாக லிஸ்பனில் காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது.

இலத்தீன் இலக்கணம் வினையை நோக்கு அடிப்படையில் பிரிக்கும்: உள்ளதைச் சொல்வது, ஏவுவது, விரும்புவது, சார்ந்து நிற்பது. அந்தப் பயிற்சியோடு வந்த ஒருவர் தமிழ் வினையை அதே கட்டங்களில் நிரப்ப முயன்றது இயல்பு. போர்த்துகீசிய மொழியில் ஐயநோக்கின் இறந்தகாலம் ஆள்தோறும் ஈறு மாறும். தமிழில் அந்தக் கட்டத்துக்குக் கிடைப்பது வந்தால் என்னும் ஒரே சொல். அச்சுக்கும் பொருளுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மை, தமிழ் வினையமைப்பைப் பற்றிப் பெரிய உண்மை ஒன்றைக் காட்டுகிறது. தமிழ் நிபந்தனைக்கு நோக்கு என்னும் தனி இலக்கணக் கூறு தேவைப்படவில்லை. எச்சம் என்னும் கூறே போதுமானதாக இருந்தது.

5. ஸ்பானிய வடிவம் அமையும் முறை

போர்த்துகீசிய மொழியின் உடன்பிறப்பாகிய ஸ்பானிய மொழியில் விதி தமிழ் விதியைப் போலவே எளிது. இறந்தகாலப் படர்க்கைப் பன்மை வினைமுற்றை எடுத்து, இறுதியிலுள்ள 'ரோன்' என்பதை நீக்கி, 'ரா' சேர்க்க வேண்டும். பேசு என்னும் பொருளுடைய ஒழுங்கு வினை அப்லார். 'அவர்கள் பேசினார்கள்' என்பது அப்லாரோன். ரோன் போனால் எஞ்சுவது அப்லா. ரா சேர்ந்தால் அப்லாரா. தமிழில் பேசினான் பேசினால் ஆவது போல, ஸ்பானிய மொழியில் அப்லாரோன் அப்லாரா ஆகிறது.

தமிழில் வேலை இங்கே முடிகிறது. ஸ்பானிய மொழியில் எழுவாய்க்கேற்ப ஈறு மாறுகிறது:

நான்: அப்லாரா
நீ: அப்லாராஸ்
அவன், அவள், தாங்கள்: அப்லாரா
நாங்கள்: அப்லாராமோஸ்
நீங்கள் (ஸ்பெயின் வழக்கு): அப்லாராய்ஸ்
அவர்கள்: அப்லாரான்

உண் என்னும் பொருளுடைய கொமேர், வாழ் என்னும் பொருளுடைய விவீர் ஆகிய இரண்டும் வேறு வகுப்பு வினைகள். இறந்தகாலத்தில் அவை கொமியேரோன், விவியேரோன் என வருவதால் இந்த வடிவம் கொமியேரா, விவியேரா என அமைகிறது. பிற ஈறுகள் அப்லாரா வரிசையில் உள்ளவையே: கொமியேராஸ், கொமியேராமோஸ், கொமியேரான். ஒழுங்கற்ற வினைகளுக்கும் தனி விதி கிடையாது. அவற்றின் ஒழுங்கின்மை முழுவதும் இறந்தகால வினைமுற்றிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஐயநோக்கு தானே வரும். தமிழில் சொன்னான், போனான் என்பவற்றை அறிந்தவருக்குச் சொன்னால், போனால் தானே வருவதும் இதே காரணத்தால்தான்.

மூன்று செய்திகளை இங்கே கவனிக்க வேண்டும். முதலாவது, நான் என்பதற்கும் அவன் என்பதற்கும் ஒரே வடிவம் வருகிறது. ஈறு நிறைந்த ஸ்பானிய மொழியும் இந்த ஓரிடத்தில் தமிழைப் போல எழுவாயை வெளிப்படச் சொல்ல நேர்கிறது. இரண்டாவது, அழுத்தம். அப்லாரா என்பதில் 'லா' மீது அழுத்தம் விழுந்தால் அது ஐயநோக்கு. கடைசி 'ரா' மீது விழுந்தால் 'அவன் பேசுவான்' என்னும் எதிர்காலம். தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே தமிழ்க் காதுக்கு இதில் தனிப் பயிற்சி வேண்டும். மூன்றாவது, 'ரா' வரிசைக்கு இணையாக 'ஸே' வரிசை ஒன்றும் உண்டு: அப்லாஸே, அப்லாஸேஸ், அப்லாஸே, அப்லாஸேமோஸ், அப்லாஸேய்ஸ், அப்லாஸேன். நிபந்தனைத் தொடரில் இரண்டுக்கும் பொருள் வேறுபாடு இல்லை. அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் பேச்சில் ரா வரிசையே மிகுதி.

6. பயன்பாடு: நிபந்தனை

ஸ்பானிய மொழி நடக்கக்கூடிய நிபந்தனையையும் நடக்காத நிபந்தனையையும் வினையிலேயே பிரித்துவிடுகிறது. 'பேசினால்' என்பதை நிகழ்காலத்தில் 'ஸி அப்லோ' என்றால் பேசும் வாய்ப்பு இருக்கிறது. 'ஸி அப்லாரா' என்றால், பேசுவது நடக்காது என்பதைச் சொல்பவர் ஒப்புக்கொண்டே சொல்கிறார். முடிவுத்தொடரும் அதற்கேற்ப மாறுகிறது. அங்கே 'விவிரீயா' போன்ற நிபந்தனை வினை வர வேண்டும். 'ஸி அப்லாரா எஸ்பான்யோல், விவிரீயா என் மாட்ரிட்' என்பது, 'எனக்கு ஸ்பானிய மொழி பேச வந்தால் மாட்ரிட்டில் வாழ்வேன், ஆனால் வராது' என்று பொருள்படும்.

தமிழ் வடிவம் அந்தப் பிரிவைச் செய்வதில்லை. 'பணம் இருந்தால் தருவேன்' என்று ஒருவர் சொன்னால், பணம் இருக்கலாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். ஆனால் தமிழுக்கு இதைப் பிரித்துக் காட்ட வழியில்லை என்று எண்ணுவது பிழை. வழி வினையில் இல்லை, இடைச்சொல்லில் இருக்கிறது. 'பணம் இருந்தால்தானே தர முடியும்' என்றால் பணம் இல்லை என்பது உறுதி. 'மழை பெய்தால்தானே ஏரி நிறையும்' என்றால் மழை பெய்யவில்லை. தானே, அல்லவா, அல்லவோ ஆகிய சொற்கள் நிபந்தனையின் பின்னால் நின்று அதை இன்மைக்குள் தள்ளிவிடுகின்றன. 'நான் மட்டும் அங்கே இருந்தால்' என்பதில் 'மட்டும்' அதே வேலையைச் செய்கிறது. ஸ்பானிய மொழி ஆறு ஈறுகளால் சாதிப்பதைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் சாதிக்கிறது.

கடந்துபோன நடக்காமையை இரண்டு மொழிகளும் கூட்டுவினையால் சொல்கின்றன. தமிழில் வினையெச்சத்தோடு 'இருந்தால்' சேரும்; முடிவில் 'இருப்பான், இருக்கும்' முதலியவை வரும். ஸ்பானிய மொழியில் 'உபியேரா' என்னும் துணைவினை வரும்: 'ஸி உபியேரா யோவீடோ' என்பது மழை பெய்திருந்தால்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியின் வரலாற்றை இவ்வடிவத்தில் எழுதிப் பார்க்கலாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரும்பொருள் கலந்து வெளிப்பட்டது. அவர் அங்கே துளையிடாமல் இருந்திருந்தால், அந்தக் கரும்பொருள் இன்னும் பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்திருக்கும். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கும் வழி காணப்பட்டிராவிட்டால், கரி இருப்பது தெரிந்தும் சுரங்கம் வந்திருக்காது. 1956இல் சுரங்க நிறுவனம் பதிவாகி, 1957 மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைக்காமல் இருந்திருந்தால், 1961இல் கரி வெளிப்பட்டிருக்காது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகும் இயங்கியிருக்காது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த ஊர்களின் குடும்பங்களுக்கும் இதே வடிவத்தில் ஒரு வரலாறு உண்டு: நிலம் போகாமல் இருந்திருந்தால் அதில் இன்றும் நெல்லோ முந்திரியோ விளைந்திருக்கும். மின்சாரத்தின் வரலாறும் இழந்த வயலின் வரலாறும் ஒரே வினைவடிவத்தில் எழுதப்படுகின்றன.

முடிவுத்தொடரில் வரும் 'வந்திருப்பான்' என்பது தனியே நின்றால் ஊகத்தைக் குறிக்கும். 'அவன் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பான்' என்றால் வந்துவிட்டான் என்றே நம்புகிறோம். 'பஸ் கிடைத்திருந்தால் வந்திருப்பான்' என்றால் வரவில்லை. நம்பிக்கையை இன்மையாக மாற்றுவது முன்னால் நிற்கும் 'ஆல்' ஈறுதான்.

7. பயன்பாடு: விருப்பம், உவமை, பணிவு

நிபந்தனைக்கு அடுத்தபடி ஐயநோக்கு மிகுதியாக வருவது விருப்பத்தில். ஸ்பானிய மொழியில் 'ஒஹலா யோவியேரா' என்பது 'மழை பெய்யாதா' என்னும் ஏக்கம். ஒஹலா என்னும் சொல் ஸ்பெயினில் அரபு ஆட்சி நிலவிய காலத்தின் எச்சம். 'அல்லாஹ் நாடினால்' என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் 'இன்ஷா அல்லாஹ்' இதன் நெருங்கிய உறவு. அந்த அரபுத் தொடரில் 'நாடு' என்னும் வினை இறந்தகால வடிவிலேயே நிற்கிறது. 'நாடினால்' என்னும் தமிழ் மொழிபெயர்ப்பிலும் இறந்தகால அடியே நிற்கிறது.

தமிழில் விருப்பத்துக்கு மூன்று வழிகள் உண்டு. 'மழை பெய்தால் நன்றாக இருக்கும்' என்பது அமைதியான விருப்பம். 'மழை பெய்யாதா' என்னும் எதிர்மறை வினா ஏக்கம் மிகுந்தது. 'நேற்றே பெய்திருக்கக் கூடாதா' என்பது கைகூடாமல் போனதன் ஆதங்கம். நான்காவதாக ஒன்றையும் சொல்லலாம். அது முடிவுத்தொடரையே சொல்லாமல் விடுவது. 'அன்றைக்கு மட்டும் நீ வந்திருந்தால்' என்று நிறுத்திவிட்டால் கேட்பவர் மிச்சத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

உவமையில் ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. 'கோமோ ஸி விவியேரா அகீ' என்றால் இங்கேயே வாழ்வது போல. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இங்கே வாழ்ந்தால் போல'. தமிழில் 'வாழ்ந்தாற்போல', 'பார்த்தாற்போல' என்னும் சொற்களைப் பிரித்தால் வாழ்ந்தால், பார்த்தால் என்பவையே கிடைக்கின்றன. பால், குடம் என்பவை சேர்ந்து பாற்குடம் ஆவது போல லகர ஒற்று றகரமாகத் திரிந்திருக்கிறது. பேச்சில் இது 'பார்த்தாப்ல' என்று தேய்ந்து வழங்குகிறது. பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்வதால் இங்கும் நடக்காமையே பொருள்.

பணிவிலும் இரண்டு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. கடையில் 'வேண்டும்' என்று நேராகக் கேளாமல் 'கிஸியேரா' என்று கேட்பது ஸ்பானியப் பண்பு. அது விரும்பு என்னும் வினையின் ஐயநோக்கு வடிவம். தமிழில் 'கொஞ்சம் நகர்ந்தால் நல்லது', 'நீங்களே வந்து சொன்னால் தேவலை', 'ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்' என்னும் தொடர்கள் கட்டளையை நிபந்தனையாக மாற்றிக் கேட்பவருக்கு மறுக்க இடம் விடுகின்றன. 'நாளைக்குப் போனால் என்ன' என்பது யோசனை. முடிவு கேட்பவர் கையில்.

இரண்டு மொழிகளும் பிரியும் இடம் சார்புத் தொடர். 'நீ பேச வேண்டும் என்று விரும்பினேன்' என்பதை ஸ்பானிய மொழியில் 'கெரீயா கே அப்லாராஸ்' என்பர். முதல் வினை இறந்தகாலமாக இருப்பதால் இரண்டாம் வினையும் ஐயநோக்கின் இறந்தகாலத்துக்கு வர வேண்டும். தமிழ் இந்த இழுப்புக்கு உட்படுவதில்லை. 'என்று' என்னும் சொல் முன்னால் நிற்கும் தொடரை அன்று எண்ணியபடியே காத்துக்கொடுக்கிறது. 'பேச வேண்டும்' என்பது நேற்றைய விருப்பத்திலும் நாளைய விருப்பத்திலும் மாறாது. இங்கே 'பேசினால்' என்று எழுதினால் பிழையாகும்.

8. இறந்தகால அடி ஏன்

நடக்காததைச் சொல்ல நடந்ததன் அடி எதற்கு என்னும் கேள்விக்கு மொழியியலாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று தொலைவு. இறந்தகாலம் பேசும் நொடியிலிருந்து விலகி நிற்பது. அந்த விலகல் காலத்தின் விலகலாகவும் இருக்கலாம், உண்மையிலிருந்து விலகலாகவும் இருக்கலாம். நேற்று நடந்தது இன்று இங்கே இல்லை. நடக்காததும் இங்கே இல்லை. இல்லாமை என்னும் பொதுத்தன்மையே ஒரு வடிவம் இரண்டு பொருளையும் சுமக்க இடம் தருகிறது. ஆங்கிலத்திலும் நடவாத நிபந்தனைக்கு இறந்தகால வினையே வருகிறது.

ஸ்பானிய 'ரா' வடிவத்தின் பிறப்பு இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. நேசி என்னும் பொருளுடைய அமார் என்னும் வினையின் 'அமாரா' வடிவம், 'அவன் நேசித்திருந்தான்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைமுற்றிலிருந்து வந்தது. பழைய ஸ்பானிய மொழியிலும் அதற்கு அந்தப் பொருளே இருந்தது. பிறகு நிபந்தனைத் தொடர்களில் புழங்கிப் புழங்கி, நூற்றாண்டுகளின் போக்கில் அது ஐயநோக்கு வடிவமாகவே மாறியது. 'ஸே' வரிசையோ இலத்தீனிலேயே ஐயநோக்காக இருந்த வேறொரு வடிவத்திலிருந்து வந்தது. அதுவும் இறந்தகாலத்துக்கு உரியதே. நேசித்திருந்தான் என்னும் சொல் நேசித்திருந்தால் என்னும் பொருளுக்கு நகர்ந்த வரலாறு ஸ்பானிய மொழியில் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. தமிழில் அந்த இரண்டு சொற்களும் ஓர் ஒற்று வேறுபாட்டோடு இன்றும் அருகருகே நிற்கின்றன.

9. எதிர்மறையும் எழுத்தும்

எதிர்மறை நிபந்தனையில் தமிழ் துணைவினையை நாடுகிறது. வராவிட்டால், வராமல் போனால், வராமல் இருந்தால், வரவில்லை என்றால் ஆகிய நான்கும் வழக்கில் உள்ளவை. அவை முற்றிலும் ஒன்றல்ல. வராமல் போனால் என்பதில் எதிர்பார்ப்பு பொய்த்ததன் சாயல் உண்டு. வராமல் இருந்தால் என்பதில் வேண்டுமென்றே தவிர்ப்பதன் சாயல் உண்டு. ஸ்பானிய மொழியில் வினைக்கு முன்னால் 'நோ' சேர்த்தால் போதும்: 'ஸி நோ அப்லாரா' என்பது பேசாவிட்டால்.

விட்டுக்கொடுக்கும் பொருளுக்குத் தமிழ் ஆல் ஈற்றோடு உம்மை சேர்க்கிறது: பெய்தாலும், பெய்திருந்தாலும். பழைய வடிவம் பெய்யினும். ஸ்பானிய மொழியில் 'ஔன்கே' என்னும் இணைப்புச்சொல்லோடு அதே ஐயநோக்கு வரும்.

எழுத்தில் மாணவர் தவறுவது லகர ளகர வேறுபாட்டில். வந்தாள் என்பது பெண்பால் வினைமுற்று. வந்தால் என்பது நிபந்தனை. பேச்சில் இரண்டும் 'வந்தா' என்றே தேய்ந்துவிடுவதால் காது உதவாது. பொருளைப் பார்த்தே எழுத வேண்டும். தொடர் அங்கே முடிந்தால் ளகரம். மேலும் ஒரு வினையை எதிர்பார்த்து நின்றால் லகரம். பெய்தால், பெய்ததால் என்னும் இணையையும் இவ்வாறே பிரிக்கலாம். முடிவு நடந்த செய்தியாக இருந்து அதற்குக் காரணம் சொல்லப்பட்டால் பெய்ததால். முடிவு இன்னும் நிகழாததாக இருந்தால் பெய்தால்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஸ்பானிய மொழி கற்பவர் இரண்டு இடங்களில் விழிப்பாக இருந்தால் போதும். முதலாவது, தமிழ் 'ஆல்' இரண்டு பொருளுக்கும் பொது என்பதால், ஒவ்வொரு முறையும் நடக்கக்கூடியதா நடக்காததா என்று தம்மைக் கேட்டுக்கொண்டே வினையைத் தேர வேண்டும். தமிழ்த் தொடரில் 'தானே' அல்லது 'மட்டும்' இயல்பாகப் பொருந்தினால் அங்கே ரா வடிவம் வேண்டும். இரண்டாவது, 'ஸி' என்பதை அடுத்து நிபந்தனை வினையை வைக்கக் கூடாது. 'விவிரீயா' முடிவுத்தொடருக்கு உரியது, 'விவியேரா' நிபந்தனைத் தொடருக்கு உரியது. தமிழில் 'வாழ்ந்தால்' முன்னாலும் 'வாழ்வேன்' பின்னாலும் வருவதை நினைவில் வைத்தால் இந்த வரிசை குழம்பாது.